நான்கு ஸ்பண்டிங் வால்வும் 7 மீட்டர் ஹோஸும்

மெல்பர்னில் டாண்டெனாங் பக்கம் ஆறு வருடமாக இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு மூன்றாவது மாடி யூனிட் ஒன்றுக்குக் குடிபோகிறோம். அங்கே கராஜ் கிடையாது. கராஜில் பியர் காய்ச்சியதில் சேர்ந்த சாமான்களில் எதை எடுத்துப்போவது, எதை விற்பது என்ற பேச்சு தொடங்கிய ஐந்தாவது நிமிடமே முடிந்துவிட்டது. "ஒரு கெக், ஒரு ரெகுலேட்டர், அவ்வளவுதான். அதுக்கு மேல ஏதாவது வந்தா நீயும் அதுங்களும் கார் பார்க்கிங்ல படுத்துக்கோங்க" என்றாள் மனைவி. (கெக் என்றால் பியரை அடைத்து வைக்கும் ஸ்டீல் பீப்பாய்.) ஆக விற்பனைக்கு வந்தவை: ஸ்பண்டிங் வால்வு நான்கு, கேஸ் ரெகுலேட்டர் ஒன்று, 2.6 கிலோ கரியமில வாயு சிலிண்டர் ஒன்று, பியரைப் புளிக்கவைக்கும் 30 லிட்டர் பெட் (சோடா பாட்டில் செய்கிற) பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, அப்புறம் ஒரு பக்கெட் நிறைய, குழாயைச் செருகினால் பிடித்துக்கொள்ளும் புஷ்-ஃபிட் கனெக்டர்கள். இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஐந்து ஆயிற்று.

ஸ்பண்டிங் வால்வு என்றால் என்ன என்று கேட்பவர்கள் குக்கர் வெயிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் ஏறும், ஒரு அளவு தாண்டியதும் வெயிட் தூக்கிக்கொண்டு விசில் அடிக்கும், மறுபடி உட்கார்ந்துவிடும். இதில் வெயிட்டுக்குப் பதில் ஸ்பிரிங், அதன் கீழே சிலிகோன் சவ்வு ஒன்று. திருகைத் திருப்பி எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். ஜெர்மன் மொழியில் ஸ்பண்ட் என்றால் பீப்பாய் ஓட்டையின் அடைப்பான், பெயர் அங்கிருந்து வந்தது. 5 சதவீத ஆல்கஹால் உள்ள 20 லிட்டர் பியர் புளித்து முடிவதற்குள் ஏறக்குறைய 400 லிட்டர் கரியமில வாயு வெளியே வந்தாக வேண்டும். முழுக்க மூடினால் தொட்டி வெடிக்கும், முழுக்கத் திறந்துவிட்டால் பியருக்குள் கேஸ் தங்காது, பின்னால் சிலிண்டரிலிருந்து காசு கொடுத்து ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் இந்த வால்வின் வேலை. அதனால்தான் இதை ஒரு பழைய மிக்ஸியை விற்பதுபோல் "நல்லா ஓடுது" என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டு விற்க எனக்கு மனம் வரவில்லை. மிக்ஸி கெட்டால் சட்னி இல்லை, அவ்வளவுதான். இது திறக்காமல் போனால் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் தொட்டி வீங்கிக்கொண்டு நிற்கும்.

(ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, அங்கே முயற்சி செய்ய வேண்டாம்.)

முதல் சனிக்கிழமை நான்கையும் கழற்றினேன். இரண்டு சுத்தமாக இருந்தன. மூன்றாவதில் சவ்வின் அடியில் பழுப்பாக, சோறு வடித்த பாத்திரத்தின் ஓரத்தில் காய்ந்து ஒட்டுகிற கஞ்சி மாதிரி ஒரு படலம். புளிக்கும்போது தொட்டியை அளவுக்கு மேல் நிரப்பியிருந்தால் நுரை கேஸ் குழாய் வழியாக மேலேறி வால்வுக்குள் புகுந்துவிடும், ஈஸ்ட்டும், கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவின் பிசினும் அங்கேயே காய்ந்து சவ்வை அதன் இருக்கையோடு ஒட்டிவிடும். 12 பிஎஸ்ஐ-க்கு (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு) வைத்த வால்வு 20 வந்தாலும் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்து முதல் காரணம் இதுதான். நான்காவதில் படலம் இல்லை, ஆனால் ஒரு பூசண வாடை. எப்போது கடைசியாகக் கழுவினேன் என்று ஞாபகமில்லை, அதிலிருந்தே தெரிகிறது.

கழுவியது கறை எடுக்கிற சோடியம் பெர்கார்பனேட் பவுடர் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில், அரை மணி நேரம் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால். ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம், சவ்வு உட்காரும் வளையத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதன் பிறகு அது வால்வு இல்லை, வெறும் ஓட்டை. ஓ-ரிங்குகளுக்கு உணவுத் தரமுள்ள சிலிகோன் கிரீஸ் போடுங்கள். நான் முதல் வருடம் வாசலின் தடவினேன். ஓ-ரிங்கின் இபிடிஎம் வகை ரப்பர் பெட்ரோலியம் ஜெல்லியில் ஊதிப்போகும், அந்த எண்ணெய்ப் பசை பியரில் கலந்தால் நுரையும் நிற்காது, இரண்டு நஷ்டமும் ஒரே டப்பாவில்.

திரும்ப மாட்டும்போது மூன்றாவது வால்வில் சவ்வைத் தலைகீழாக வைத்துவிட்டேன். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், கழற்றும்போது போட்டோ எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். கேஸ் கொடுத்ததும் திருகின் கழுத்து வழியாகப் புஸ்ஸென்று வந்தது. ஒரு மணி நேரம் கனெக்டர்களைச் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் பிடுங்கி மாட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

அடுத்தது லீக் சோதனை. 19 லிட்டர் கார்னி வகைக் கெக் ஒன்றில் வால்வை மாட்டி, அது திறக்காதபடி திருகை இறுக்கி, 20 பிஎஸ்ஐ ஏற்றி, சிலிண்டரைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி விட்டேன். காலையில் 17. சோப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்த்தும் ஒரு குமிழி இல்லை. இதில் இரண்டு தப்பு செய்திருந்தேன், இரண்டுமே லீக் இல்லை. முதலாவது, மெல்பர்ன் வானிலை. மாலையில் 24 டிகிரியாக இருந்த கராஜ் விடியற்காலை 12-க்கு வந்துவிட்டது. கேஸ் குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும், 20 இருந்தது கணக்குப்படி 18.6-க்கு வரத்தான் வேண்டும். மீதியைத் தின்றது கெக்கின் அடியில் கழுவிவிட்டு ஊற்றாமல் விட்டிருந்த நாலைந்து லிட்டர் தண்ணீர். கரியமில வாயு தண்ணீரில் கரையும், சோடாவே அப்படித்தான் ஆகிறது, ஆக நான் ராத்திரி முழுவதும் சோடா தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கெக்கைக் காலி செய்து துடைத்துவிட்டு வீட்டுக்குள் ஹாலில் வைத்துச் சோதித்தபோது நான்கும் 24 மணி நேரம் அசையாமல் நின்றன. "லீக் இருக்கு" என்று தூக்கிப்போடுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் பாருங்கள்.

சரி, லீக் இல்லை, திறக்கிறது, மூடுகிறது. அப்போதுதான் அடுத்த தலைவலி. ஒரே கெக்கில், ஒரே அழுத்தத்தில், நான்கு வால்விலும் இருக்கிற அழுத்த மீட்டர்கள் நான்கு கதை சொன்னன. ஒன்று 10, ஒன்று 9.5, ஒன்று 13. நான்காவது எதிலும் மாட்டாமல் கையில் வைத்திருக்கும்போதே 4 காட்டியது.

நான்காவதின் கதை எனக்கே தெரியும். அதன் மீட்டர் 15 பிஎஸ்ஐ வரைக்குமானது. பியரில் கேஸ் எவ்வளவு கரையும் என்பது குளிர்ச்சியைப் பொறுத்தது, 4 டிகிரி ஃபிரிட்ஜில் 11, 12 பிஎஸ்ஐ போதும் என்றால் அதே அளவு கேஸ் 20 டிகிரியில் தங்க 28 வேண்டும். போன வருடம் அவசரத்தில், ஃபிரிட்ஜில் இடமில்லை என்று, வெளியிலேயே 28-க்கு வைத்தேன், கையில் கிடைத்த வால்வை மாட்டி. முள் கடைசிக் கட்டையில் முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். இந்த மீட்டர்களுக்குள்ளே கேள்விக்குறி மாதிரி வளைந்த சின்ன உலோகக் குழாய் ஒன்று இருக்கிறது, பூர்டோன் குழாய், 1849-இல் பாரிஸில் யூஜின் பூர்டோன் கண்டுபிடித்தது, இன்றைக்கும் அதேதான். அழுத்தம் ஏறினால் அது கொஞ்சம் நிமிரும், அந்த நிமிர்வு முள்ளைத் தள்ளும். அளவு மீறி நிமிர்ந்தால் பழையபடி வளையாது. தப்பு முழுக்க என்னுடையது, மீட்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

மற்ற மூன்றில் யார் சொல்வது உண்மை? இரண்டு மீட்டர் ஒத்துப்போகிறது என்பதற்காக மூன்றாவதுதான் பொய் என்று சொல்லிவிட முடியாது. ரெகுலேட்டரில் இருப்பதும் அதே வகை மீட்டர்தான், அதை யார் சோதித்தார்கள்? பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது: 10 பிஎஸ்ஐ என்பது 7 மீட்டர் தண்ணீர். சரியாகச் சொன்னால் 7.03. தண்ணீருக்கு முள் வளையாது, பேட்டரி தீராது. 7 மீட்டர் உயரம்தான் வேண்டும், அது புது யூனிட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி மூன்றாவது மாடி பால்கனியில், கையில் ஹோஸின் மேல் முனையும் ஒரு புனலும். நான் கீழே புல்லில், முட்டி போட்டு, மீட்டரோடு. ஹோஸ் கேஸுக்குப் போடுகிற அதே 8 மி.மீ. குழாய்தான், மீட்டரிலிருந்து டேப் வைத்து அளந்து 7 மீட்டர் 3 சென்டிமீட்டரில் கறுப்பு டேப் சுற்றியிருந்தேன். தண்ணீர் அந்த டேப் வரைக்கும் நிற்க வேண்டும். மொத்தமாக ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கவில்லை. அவ்வளவு கொஞ்சம் தண்ணீரா 10 பிஎஸ்ஐ கொடுக்கும் என்று நானே ஒரு நொடி சந்தேகப்பட்டேன், ஆனால் அழுத்தத்துக்குத் தண்ணீரின் உயரம்தான் கணக்கு, அளவு இல்லை. கீழ் வீட்டு ஆள் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார். குடிவருவதற்கு முன்பே இப்படி ஒரு அறிமுகம்.

முதல் சுற்றில் மூன்றுமே ஒரு பிஎஸ்ஐ குறைத்துக் காட்டின: 9, 8.5, 12. மூன்று மீட்டரும் ஒரே நாளில் ஒரே அளவு கெட்டுப்போகாது, எனவே குற்றம் என்னிடம்தான். ஹோஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே அங்கங்கே விரல் நீளத்துக்குக் காற்றுக் குமிழிகள். குழாய் ஒல்லியாக இருப்பதால் குமிழி மேலே ஏறாமல் தண்ணீரைத் துண்டு துண்டாக வெட்டி நின்றுவிட்டது, எல்லாம் சேர்ந்து முக்கால் மீட்டர் இருக்கும், அந்த அளவுக்குத் தண்ணீர் குறைவு. கீழிருந்து மேலே ஹோஸைச் சுண்டிச் சுண்டிக் குமிழியை ஏற்றினேன். போனில், "இன்னும் எவ்வளவு நேரம் இதைப் பிடிச்சுட்டு நிக்கணும்?" "ரெண்டே நிமிஷம்." "இதையேதான் முன்னாடியும் சொன்னே." குமிழி போனதும் முதல் மீட்டர் 10-இல் வந்து நின்றது, இரண்டாவது 9.5, மூன்றாவது 13. பாதி உயரத்தில், அதாவது 5 பிஎஸ்ஐ-க்கும் ஒரு முறை பார்த்தேன். மூன்றாவது அங்கே 8 காட்டியது. ஆக அது எல்லா இடத்திலும் 3 கூட்டிச் சொல்கிறது, ஆனால் ஒழுங்காகக் கூட்டிச் சொல்கிறது. இப்படிப்பட்ட மீட்டரோடு குடும்பம் நடத்தலாம். இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று சொல்கிறதோடுதான் முடியாது.

ஒவ்வொரு வால்விலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதினேன். "10-க்கு 10." "10-க்கு 9.5." "10-க்கு 13, எப்போதும் 3 கழிக்கவும்." நான்காவதில்: "மீட்டர் இல்லை. வால்வு சரி."

ரெகுலேட்டர்கள் கதை சின்னது, ஆனால் கெட்டது. இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை விற்பதாக ஏற்பாடு. வெளி முனையை அடைத்துவிட்டு 10 பிஎஸ்ஐ-க்கு வைத்து, சிலிண்டரைத் திறந்தே ராத்திரி விட்டேன். காலையில் ஒன்று 10, மற்றது 19. இதைக் க்ரீப் என்பார்கள். உள்ளே அதிக அழுத்தத்தை அடைக்கிற சின்ன இருக்கை தேய்ந்தோ, அதில் தூசி சிக்கியோ, கேஸ் சொட்டுச் சொட்டாகக் கசிந்து இந்தப் பக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். சமையல் கேஸ் ரெகுலேட்டரில் இப்படி இருந்தால் யாராவது வீட்டில் வைத்திருப்போமா? இந்த சிலிண்டருக்குள் 20 டிகிரியில் 800 பிஎஸ்ஐ-க்கு மேல் அழுத்தம். ஸ்பண்டிங் வால்வைக் கழற்றி மாட்டலாம், இந்தப் பக்கம் என் கை போகாது. அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். விளம்பரத்தில் போட்டோவைப் பார்த்திருந்த ஒருவர் விடவில்லை, "பாதி விலைக்குக் கொடு, கெக்கில் பாதுகாப்பு வால்வு இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்" என்றார். கெக் மூடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு 130 பிஎஸ்ஐ சுமாருக்குத் திறப்பது. ஸ்டீல் கெக் அதைத் தாங்கும். அவர் அதையே நாளைக்குப் பிளாஸ்டிக் தொட்டியில் மாட்டினால்? இல்லை என்று சொன்னேன். பேராசைக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, பதில் இல்லை.

சிலிண்டரைப் பற்றி எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "மீட்டர் ஃபுல் காட்டுகிறதே, நிரம்பியிருக்கிறதா?" சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாகத்தான் இருக்கிறது, சொட்டு திரவம் இருக்கும்வரை அந்த மீட்டர் ஃபுல்தான் காட்டும், திரவம் தீர்ந்த பிறகு சடசடவென்று விழும். தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், காலி எடை கழுத்தில் குத்தியிருக்கும். அதே கழுத்தில் கடைசியாகச் சோதித்த தேதியும் இருக்கும். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் நிரப்பித் தரமாட்டார்கள். என்னுடையது தாண்டியிருந்தது, எனவே சோதனைச் செலவைக் கழித்துக்கொண்டு விலை போட்டேன். இதை மறைத்து விற்கிற ஆட்கள் நிறைய, வாங்குகிறவர்கள் முதலில் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள்.

தொட்டி. பெட் பிளாஸ்டிக், புதிதில் 35 பிஎஸ்ஐ தாங்கும், மூடியில் அதே அளவுக்குத் திறக்கும் சிவப்புப் பாதுகாப்பு வால்வு. சோதிப்பதென்றால் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் அழுத்தம் ஏற்ற வேண்டும். காற்றை அடைத்து வைத்தது உடைந்தால் வெடி, தண்ணீர் நிரம்பியது உடைந்தால் தரை நனையும், அவ்வளவுதான் வித்தியாசம். சிவப்பு வால்வு 34-இல் திறந்தது, தொட்டியும் தாங்கியது. இருந்தும் கழுத்துப் பக்கம் விரல் வைத்துத் தடவினால் மெல்லிய கோடுகள், ஒரு தடவை சூடான தண்ணீர் ஊற்றியதில் தோள்பட்டை கொஞ்சம் சுருங்கியும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கியது அடுத்த கோடையில் யாரோ ஒருவர் வீட்டில் தாங்கும் என்று நான் எழுதிக்கொடுக்க முடியாது. சும்மா வாசலில் வைத்தாலும் ஆபத்து. இந்த ஊரில் ஹார்ட் ரப்பிஷ் நாளில், அதாவது வேண்டாத பெரிய சாமான்களைக் குப்பைக்கு வைக்கிற நாளில், வெளியே வைத்தது பத்து நிமிடத்தில் யாராவது காரில் ஏறிப் போய்விடும். ரம்பம் எடுத்து நடுவில் அறுத்து இரண்டாக்கினேன். கீழ்ப் பாதியில் இப்போது கறிவேப்பிலைச் செடி.

விளம்பரத்தில் டேப்பில் எழுதியதை அப்படியே போட்டேன், தண்ணீர் ஹோஸ் போட்டோவும் சேர்த்து. சுத்தமான இரண்டு வால்வும் தலா 20 டாலருக்கு அன்றைக்கே போயின. மீட்டர் இல்லாதது ஒரு வயதான ஆஸ்திரேலியருக்கு 8 டாலர், அவரிடம் ஒரு டப்பா நிறைய மீட்டர் இருக்கிறதாம், வால்வுதான் இல்லையாம். சிலிண்டரும் கனெக்டர் பக்கெட்டும் அவரே எடுத்துக்கொண்டார். மிஞ்சியது 3 கூட்டிச் சொல்கிற வால்வு.

மூன்றாவது வாரம் ஒரு தம்பி வந்தார், யாழ்ப்பாணத்துப் பேச்சு, யுனிவர்சிட்டி பையோடு நேராக ரயிலடியிலிருந்து. பெயரை வாயால் விசாரிப்பதற்குள் வால்வைக் கழற்றிச் சவ்வைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிடித்துவிட்டது.

"அண்ணை, மீட்டர் பிழை எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். பிறகேன் விக்கிறியள்?"

"எவ்வளவு பிழைன்னு தெரியும் தம்பி. கடையில புதுசு வாங்கினா அதுவும் தெரியாது."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப மூண்டு டொலர் குறையுங்கோ. மூண்டு கூட்டித்தானே சொல்லுது."

15 என்று போட்டிருந்தேன், 12-க்குக் கொடுத்தேன். தொட்டியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதே, ஒவ்வொரு தடவையும் சவ்வைக் கழற்றிக் கழுவு, சிவப்புப் பாதுகாப்பு வால்வுக்குப் பதிலாக வேறெதையும் மாட்டாதே என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று ஷூவை மாட்டினார். ஹோஸை எப்படிச் செய்தேன் என்று கேட்டார், டேப் சுற்றியபடியே அதையும் சுருட்டிக் கொடுத்துவிட்டேன், இனி எனக்கு எதற்கு.

போன வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து ஒரு போட்டோ. ஏதோ ஒரு மாடிப்படி, மேலேயிருந்து என் ஹோஸ் தொங்குகிறது, படியில் உட்கார்ந்து இன்னொரு பையன் கீழ் முனையைப் பிடித்திருக்கிறான். கீழே ஒரு வரி: "அண்ணை, 13 இல்லை. பன்னிரண்டே முக்கால்."